கிழக்கு வரப்பில் பூத்தவை

காணை,
9 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் சித்ராவுக்கு,

மாமா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது "ஹலோ" வரைக்கும்தான் எனக்குக் கேட்டது. மிச்சமெல்லாம் ரைஸ்மில் ஓடுவது மாதிரி ஒரே இரைச்சல். இந்தக் காதை வைத்துக்கொண்டு இனிமேல் போன் பேஜாருதான். கடிதம் என்றால் நானும் நிதானமாக எழுதலாம், நீயும் இரண்டு தரம் படிக்கலாம்.

முதலில் நல்ல சேதி. பரங்கி இந்த முறை பிடித்துவிட்டது. போன வருஷம் பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்ததே, நினைவிருக்கிறதா? கரும்பை விட்டுக் காய்கறிக்கு வந்தவனுக்கு இது வேண்டும் என்று ஊரே பேசியது. நீதான் சொன்னாய், "தேனீ வரலைன்னா பிஞ்சு நிக்காது மாமா, வரப்புல பூச்செடிய விடுங்க" என்று. விதைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதத்தில் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டாய். நீ அனுப்பிய சூரியகாந்தி விதையைக் கிழக்கு வரப்பில் ஊன்றினேன். தும்பை, தைவேளை, கொழுஞ்சி, நாய்த்துளசி எல்லாம் தானாக வந்தன. பூக்கிற எதையும் பிடுங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இப்போது மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்துப் புங்கமரப் பொந்தில் தேனீ குடிவந்திருக்கிறது. விடிந்ததும் பரங்கிப் பூவுக்குள் இறங்கி, உடம்பெல்லாம் மஞ்சள் மாவு அப்பிக்கொண்டு எழுந்து வரும். எனக்குச் சத்தம்தான் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறேன். உனக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது, அம்மாடி.

சின்ன உபத்திரவம் ஒன்று. முன்கை இரண்டிலும் நமைச்சல், கழுத்தில் தடிப்பு. உன் அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறாள். போய்விடும்.

அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் உனக்கு எழுதுவது தெரியும், தெரியாதது போல இருக்கிறாள். ஜெகதீசன் போய் ஐந்து வருஷம் ஆகியும், ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் அடுப்படியில் அவள் கை நின்றுவிடுகிறது. பிள்ளையை அடித்துப்போட்டது ஒரு பஸ். நான் உனக்குத் தேடிய துணையும் பஸ் ஓட்டுகிறவர். இரண்டும் அவள் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட்டன. பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் உனக்கு மறுமணம் செய்துவைத்ததில் எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை. நீ நன்றாக இரு.

உன்
மாமா ராஜாமணி

*

திண்டிவனம்,
17 ஆகஸ்ட் 2024

என் மாமாவுக்கு சித்ராவின் வணக்கங்கள்.

கடிதம் வந்த அன்று கடையில் மல்லாட்டை விதை வாங்க ஒரே கூட்டம். ரவிக்கைக்குள் செருகி வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் பிரித்தேன். பரங்கி காய்த்ததைப் படித்ததும் கடைக்காரர் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நான் என்ன பெரிதாகச் செய்தேன், மாமா? கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுச் சொன்னேன். நீங்கள் நம்பிச் செய்தீர்கள். மருமகள் பேச்சை நம்பி வரப்பைக் காடாக விடுகிற மாமனார் எந்த ஊரில் இருக்கிறார்?

நாங்கள் நன்றாக இருக்கிறோம். இவருக்கு இப்போது திண்டிவனம் – விழுப்புரம் ரூட். தினமும் உங்கள் பக்கம் வந்து வந்து திரும்புகிறார். "ஒரு நாள் அப்டியே எறங்கிப் போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்கிறார். அத்தையை நினைத்து நான்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. மயிலம் மலைக் கோயிலில் எனக்குத் தாலி ஏறும்போது கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் நின்றீர்கள். திரும்பிப் பார்த்தால் காணோம். ஒரு வாய் சாப்பிடக்கூட இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது, எங்கள் வீட்டு வாசலை நீங்கள் மிதிக்கவில்லை. கேட்டால், "புது வாழ்க்கையில பழைய வீட்டு ஆளு எதுக்கு" என்பீர்கள். எனக்கு அப்பா அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பழைய வீடு என்று எனக்கு இருப்பதும் நீங்கள் இரண்டு பேர்தான்.

நமைச்சலைச் சாதாரணமாக விடாதீர்கள். வரப்பில் காஞ்சொறி, பூனைக்காலி ஏதாவது கலந்திருக்கிறதா? வெயிலில் நின்றால் கூடுகிறதா? கண் இமையில் தடிப்பு உண்டா? வரப்பில் இருக்கிற செடி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றுகூட விடக்கூடாது.

அத்தை கேட்காவிட்டாலும், நான் விசாரித்தேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்
சித்ரா

*

காணை,
27 ஆகஸ்ட் 2024

சித்ராவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். வலது கண் திறக்கவில்லை, இடது கண் பாதிதான். நீ கேட்டாயே, இமைதான் வீங்கிவிட்டது. முகம், கழுத்து, கை எல்லாம் சிவந்து தோல் தடித்து உரிகிறது. வெயிலில் போனால் மிளகாய் அரைத்துத் தடவியது மாதிரி எரிகிறது. சட்டைக்குள் இருக்கிற உடம்புக்கு ஒன்றுமில்லை.

காஞ்சொறியும் பூனைக்காலியும் கிடையாது. அது தெரியாமல் நான் விவசாயம் பண்ணவில்லை. முன்பு எழுதியதோடு, வெட்டுக்காயப் பூண்டு இருக்கிறது. பிறகு பார்த்தீனியம், ஆள் இடுப்பு உயரத்துக்கு. வெள்ளைப் பொடிப்பூ பூக்கிறதே, தேனீக்கு ஆகும் என்று விட்டுவைத்தேன். வழியில் சாய்கிறதை மட்டும் கையால் ஒடித்துப் போடுவேன். அதோடுதானே இத்தனை வருஷமாக இருக்கிறோம், அது ஒன்றும் செய்யாது.

பக்கத்து நிலத்துப் பாண்டுரங்கன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா ராஜாமணி, பூவ வளக்கறேன்னு நீ பூச்சாண்டி ஆயிட்டியே" என்றான். அவன் சிரித்தான். உன் அத்தை சிரிக்கவில்லை. "நம்மள வுட்டுப் போனவ குடுத்த வெதை. அது நல்லதா செய்யும்?" என்றாள். உனக்கு இதை எழுதலாமா என்று யோசித்தேன். என் முகத்தைப் பார்த்த பயத்தில் பேசுகிறாள். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

களைக்கொல்லி வாங்கியாயிற்று. வருகிற திங்கட்கிழமை பாண்டுரங்கன் தெளிப்பானோடு வருகிறான். வரப்பு முழுக்க அடித்துவிடச் சொல்லிவிட்டேன். தேனீயை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? எனக்குக் கண் வேண்டும்.

உன் யோசனை தப்பில்லை. எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமா

*

திண்டிவனம்,
1 செப்டம்பர் 2024
ஞாயிறு காலை

மாமா,

மருந்து அடிக்காதீர்கள்.

கடிதம் நேற்று சாயங்காலம்தான் வந்தது. உடனே போன் செய்தேன். அத்தை எடுத்தார்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபமில்லை. ஆனால் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. நானே கிளம்பினேன். இவர்தான், "நீ போனா ரெண்டு பேரும் அழுதுகினு இருப்பீங்க, வேல ஆவாது. இன்னிக்கு எனக்கு டூட்டி இல்ல, நான் போறேன்" என்றார். இதைக் கொண்டுவருகிறவர் அவர்தான். அத்தை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எனக்குச் சந்தேகம் பார்த்தீனியத்தின் மேல்தான். எங்கள் கடைக்கு வருகிற ஒருவருக்கு இதே மாதிரி முகமும் கழுத்தும் வீங்கியது. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமாம். அதன் பூந்தூள் காற்றில் வந்து பட்டாலே போதுமாம். தும்பையும் துளசியும் என்ன பாவம் செய்தன? ஒன்றுக்காக எல்லாவற்றையும் கொன்று, தேனீயையும் கொன்றுவிட்டால், நாளைக்குப் பரங்கிக்கு எங்கே போவீர்கள்? சந்தேகத்தை மட்டும் பிடுங்குவோம். இவர் கையுறை கொண்டுவருகிறார். நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். வீட்டுக்குள் இருங்கள்.

இன்னொன்று. தோல் டாக்டரிடம் பேசிவிட்டேன். முதுகில் சின்னச் சின்னப் பட்டையாக மருந்து வைத்து ஒட்டுவார்கள். இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்து, பிறகு பிரித்துப் பார்த்தால் எது ஆகாது என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு நாளும் நீங்கள் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். காணைக்குப் போய்ப் போய் வர முடியாது. பழைய வீடு, புது வீடு என்று இந்த முறை ஒன்றும் சொல்லக்கூடாது.

சித்ரா

*

காணை,
3 செப்டம்பர் 2024

அம்மாடி,

மருந்து அடிக்கவில்லை. டப்பாவைப் பாண்டுரங்கனிடமே கொடுத்துவிட்டேன். நிம்மதியாக இரு. தாளைத் தடவித் தடவிக் குத்துமதிப்பாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். செல்வகுமார் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினார். உன் அத்தை போய், "யாரு?" என்றாள். "திண்டிவனத்துலேர்ந்து வர்றேம்மா. சித்ரா வூட்டுக்காரரு" என்றார். அவள் உள்ளே வந்துவிட்டாள். நான் தடவிக்கொண்டே போய்த் திண்ணையில் உட்காரச் சொன்னேன். கண் தெரியாததால் உன் கடிதத்தை அவரே உரக்கப் படித்தார். நீ என்னை அதட்டுவதையெல்லாம் அவர் குரலில் கேட்டேன். "அத்தை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்ள" என்ற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். எனக்குப் பாதிதான் கேட்டது. அடுப்படிக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் வேரோடு வந்ததாம். ஒரு தும்பைச் செடி சாகவில்லை. புகையும் ஆகாது என்று எரிக்காமல், குழி வெட்டிப் போட்டு மூடினார். வெயில் ஏறிவிட்டது. நான் உள்ளே இருந்தபடி, "போதும், வந்துடுங்க" என்று கத்துகிறேன், மனிதர் கேட்கவில்லை.

உன் அத்தை வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு செம்பில் கேப்பைக் கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு போனாள். நான் சொல்லவில்லை, சாமி சத்தியமாக. கொட்டகை ஓரம் வைத்துவிட்டு, "தம்பி, கைய சோப்பு போட்டுக் கழுவினு குடி" என்றாளாம். அவர் குடிக்கும் வரை அங்கேயே நின்றிருக்கிறாள். "எந்த ரூட்டு ஓட்ற?" என்று கேட்டாளாம். சொன்னாராம். "குறுக்க எவனாவது பைக்குல வந்தா இன்னா பண்ணுவ?" என்றாளாம். அவர் செம்பைக் கீழே வைத்தாராம். பிறகு, "பைக்கப் பாத்தாலே கால் தானா பிரேக்குக்குப் போயிடும்மா. சித்ராவ கட்னதுலேர்ந்து அப்டித்தான்" என்றாராம். இதையெல்லாம் பிற்பாடு அவளேதான் என் காதருகே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, செம்பைத் தேய்க்க உட்கார்ந்தவள் நெடுநேரம் அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வருகிறேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூட்டை முடிச்சு ஒன்றும் கொண்டுவரமாட்டேன். பரங்கிக்காய் மட்டும் ஒன்று.

மாமா

*

காணை,
16 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

கண் இரண்டும் திறந்துவிட்டன. இதை நானே பார்த்து எழுதுகிறேன். களிம்பு தடவத் தடவ, கழுத்துச் சிவப்பும் அடங்கிக்கொண்டு வருகிறது.

உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் நான் ஒழுங்காகப் பேசவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். முதுகில் பட்டை ஒட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தவனுக்கு, நீ விசிறிக்கொண்டே ஊர்க்கதை சொன்னதற்கு நன்றி. குளிக்கக் கூடாதென்று தலையை மட்டும் பக்கெட்டுக்கு மேல் குனியவைத்து அலசிவிட்டாரே செல்வகுமார், அவருக்கு நன்றி. என் பிள்ளை இருந்தால் செய்திருப்பான் என்று எழுத வந்தேன். அப்படி எழுதுவது சரியில்லை. அவர் செய்தது அவர் செய்தது. அதை அவர் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். திரும்பி வரும் அன்று என்னை டெப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீ வாங்கிக்கொடுத்தார். அங்கே ஒரு கண்டக்டர், "யாருப்பா பெரியவரு?" என்று கேட்டார். "எங்க மாமனாரு. காணை" என்றார், வேறொன்றும் விளக்காமல். எனக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. டீயை ஆற வைப்பது போல முகத்தைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் சொன்னதை வந்து உன் அத்தையிடம் சொன்னேன். பார்த்தீனியத்துக்கு வைத்த இடம்தான் கொப்புளமாக எழும்பியது, தும்பை, துளசி மேல் குற்றம் இல்லை என்றேன். அவள் முகம் தெளிந்தது. ஆனால் சாமந்திக்கு வைத்த இடமும் கொஞ்சம் சிவந்ததே, சூரியகாந்தியும் அதே இனம், நான் கிட்டே போகக்கூடாதாம் என்றும் சொன்னேன். சரி, கிழக்கு வரப்பில் நிற்கிற சூரியகாந்தியை ஆள் வைத்து எடுத்துவிடலாம் என்று சொல்லி முடிக்கவில்லை, அவள் எழுந்துவிட்டாள்.

"எதுக்கு எடுக்கணும்? உனக்குத்தான ஆவாது. எனக்கு இன்னா? பொண்ணு குடுத்த வெதை. நான் பாத்துக்கறேன். நீ அந்தாண்ட போ."

பொண்ணு என்றாள், சித்ரா. உன் பேரைச் சொல்லி ஐந்து வார்த்தை பேசாதவள். நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். இப்போது கிழக்கு வரப்பு அவளுடையது. நான் மேற்கே தும்பைப் பக்கம் நிற்கிறேன், முழுக்கைச் சட்டையோடு. நடுவில் தேனீ மட்டும் இரண்டு பக்கமும் போய்வருகிறது.

நன்றியோடு,
மாமா

*

காணை,
5 ஜனவரி 2025

சித்ராவுக்கு,

இந்தக் கடிதம் உன் அத்தை சின்னக்கண்ணுவினுடையது. அவளுக்கு எழுதவராது என்பதால் நான் எழுதுகிறேன். ஒரு எழுத்து மாற்றக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இனி அவள் பேச்சு:

ஏம்மா, நல்லா கீறியா? நான் உன்கிட்ட பேசாம இருந்ததுக்குக் காரணம் இன்னான்னு எனக்கே இப்ப சரியா சொல்ல வர்ல. அத வுடு. உங்க மாமாவுக்குத் தோலு நல்லா ஆயிடுச்சி. மூஞ்சி பழையபடி கீது. கண்ணு போயிருக்கும், நீங்க ரெண்டு பேரும்தான் காப்பாத்துனீங்க. நான் பூவையே குத்தம் சொன்னவ. இப்ப காலைல எழுந்தா மொதல்ல அங்கதான் போறேன். சூரியகாந்தி முத்திப்போச்சி, வெதை எடுத்து வெச்சிக்கீறேன். மறுபடி மழையில அந்த விஷப்பூண்டு மொளைச்சிது. பூக்கறதுக்கு முன்னாலயே கையில பையக் கட்டினு நானே புடுங்கிட்டேன். உங்க வூட்டுக்காரரு செஞ்சத பாத்துக் கத்துக்கினேன்.

பொங்கலுக்கு ரெண்டு பேரும் வரணும். எனக்குப் பொண்ணு இல்ல. தாய்வூட்டுப் பொங்கச்சீரு உனக்கும் யாரும் தர்றதில்ல. அப்ப நான் தராம வேற யாரு தருவாங்க? பொடவை எடுத்துட்டேன். மாப்ளைக்கு வேட்டி. அவரு இன்னா சாப்புடுவாரு, காரம் ஒத்துக்குமா, அதெல்லாம் எழுது.

இன்னொண்ணு கேக்கணும். உங்க மாமா இத எழுத வேணாம்ன்றாரு, நான் எழுதுன்றேன். கூடத்துல ஜெகதீசன் படம் மாட்டிக்கீது. வாசப்படி ஏறுனா மொதல்ல அதான் கண்ல படும். மாப்ள மொதமொதல்ல நம்ம வூட்டு விருந்துக்கு வர்றாரு. அத பாத்தா அவரு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குமோ? கழட்டி உள்ளாற ரூம்ல வெக்கட்டா? வெக்கறதுன்னா வெக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. நீ எது சொல்றியோ அது.

வண்டிய மெதுவா ஓட்டினு வரச் சொல்லு. ஜல்தி ஒண்ணும் இல்ல.

(சொன்னவள் எழுந்து போய்விட்டாள். நான் எழுதியதை அவளுக்கு ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். கொஞ்ச நேரம் போகட்டும். — மாமா)

*

திண்டிவனம்,
9 ஜனவரி 2025

என் அத்தைக்கும் மாமாவுக்கும்,

கடிதத்தைக் கடையில் படிக்க ஆரம்பித்து, முடியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் இவருக்குப் படித்துக் காட்டினேன். இட்லியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தவர், படத்தைப் பற்றிய இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். "கழட்ட வேணாம்னு எழுது" என்றார். "அது அவரு வூடு. நான்தான் வர்றவன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, அத்தை. படம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

பொங்கல் அன்று இவருக்கு டூட்டி. மாட்டுப்பொங்கலன்று காலையில் வந்துவிடுவோம். காரம் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், சாப்பிடுவார். நீங்கள் எடுத்த புடவையை அங்கே வந்து உங்கள் கையால் வாங்கித்தான் கட்டிக்கொள்வேன். எனக்கென்று ஒருவர் எடுத்துவைத்து, வா என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்? தீர்க்க வேண்டாம், இருக்கட்டும்.

அவர் படத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு வரலாமா, காணை அம்மாவுக்கு வருத்தமாக இருக்குமா என்று இவர் கேட்கிறார். வருத்தம் இருக்காது என்று நானே சொல்லிவிட்டேன். மார்க்கெட்டில் சாமந்திதான் குவிந்து கிடக்கிறது. மாமாவுக்கு ஆகாது என்பதால் சம்பங்கியில் கட்டச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் மகள்
சித்ரா